வெறுந்தண்ணீரில் வந்தது

வெறும் தண்ணீர் ஊற்றிய டியூப்பில் மாட்டு வைரஸ் இருந்தது. இதென்ன கூத்தடா என்று நப்லா கணினித் திரையை இன்னொரு தடவை பார்த்தாள். தம்பலகாமத்து மாடுகளின் வாய்ப்புண்ணில் எடுத்த மாதிரிகளிலிருந்து கால்-வாய் நோய் வைரஸின் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்தெடுப்பது அவளுடைய வேலை. சரிபார்ப்பதற்காகக் கூடவே தண்ணீரையும் இயந்திரத்தில் போடுவாள். அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் எங்கோ கை பிசகிவிட்டது என்று அர்த்தம்.

துறைமுகத்தைப் பார்த்த அந்த ஆய்வுகூடத்தில் அன்று அவள் மட்டும்தான். புதுப் போத்தல் உடைத்து, கையுறை மாற்றி, மேசையைத் துடைத்து, மறுபடி ஓடவிட்டாள். காற்றைக்கூட வடிகட்டி அனுப்பும் அந்த அறைக்குள், ஸ்பிரிட் நெடியையும் மீறிக்கொண்டு, நனைந்த வைக்கோலும் புளித்த பாலும் கலந்த மாட்டுப்பட்டி மணம் மெல்ல எழும்பி, அலுமாரிப் பக்கம் போனால் அங்கேயும், குளிர்ப்பெட்டிப் பக்கம் போனால் அங்கேயும், போன இடமெல்லாம் அவள் கூடவே வந்தது. பின்னேரம் மழை பிடித்தபோது முடிவு வந்தது.

தண்ணீரில் மறுபடியும் வைரஸ். மாடுகளில் இருந்ததிலிருந்து சில எழுத்துகள் மாறியிருந்தன. வேறெதற்குள்ளோ புகுந்து பெருகியிருக்கிறது. எதற்குள்?

மூச்சு முட்டியது. முகக்கவசத்தை இழுத்துக் கழற்றினாள். மணம் அதற்குள்ளிருந்து வந்தது.

அவளுடைய மூச்சு.

நாக்கோரத்தில் ஒரு கொப்புளம் தட்டுப்பட்டது. மனிதருக்கு வராது என்று நம்பித்தானே நேற்றும் வீட்டுக்குப் போய், மகள் ஷிஃபானாவை மடியில் போட்டுக் கொஞ்சினாள்! யா அல்லாஹ், என் பிள்ளை. இனிக் கிட்டவே போகக்கூடாது. கதவோரத்து அவசரச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். கதவு இறுகியது. இனி மேலதிகாரி வந்து திறந்தால்தான் உண்டு.

சுவரில், காவலறையோடு மட்டும் பேசக்கூடிய இன்டர்கொம் அடித்தது. வாசல் காவலறையிலிருந்து கணவன் ஸஜ்ஜாத்.

“நப்லா, பிள்ளையத் தூக்கிட்டு வந்திட்டன். காலையிலருந்து ஒண்டும் குடிக்கிறாளில்ல. வாயால வீணி ஒழுகுது. பல்லு முளைக்குது போல.”

“ஆருட்டயும் குடுக்காதீங்க! கேக்குதா?”

“மழை இரைச்சல்ல ஒண்டும் விளங்குதில்ல. வெளிய வா, கதைப்பம்.”

வைத்துவிட்டான். திருப்பி அழைத்தாள். எடுப்பாரில்லை. கைத்தொலைபேசி கதவுக்கு அந்தப் பக்கம், வெளியறையில்.

ஜன்னலுக்கு ஓடினாள். தடித்த இரட்டைக் கண்ணாடி. காவலறைத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம், கொழும்பு பஸ்ஸுக்கு நிற்பவர்கள். அழுகிற பிள்ளையை யார்தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள்? காவலாளி இராசதுரை பிள்ளையைக் கையில் வாங்கினார். வெறுங்கையால் வாயைத் துடைத்துவிட்டார். பிஸ்கட் ஊட்டினார். துப்பியதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

கண்ணாடியில் அறைந்தாள். கத்தினாள். தொண்டை கிழிந்தது.

ஸஜ்ஜாத் நிமிர்ந்தான். சிரித்தான். ஜன்னலில் நிற்கும் உம்மாவைப் பிள்ளைக்குக் காட்டினான். எல்லாரும் கையசைத்தார்கள்.

பஸ் வந்தது. பச்சைச் சேலைக்காரி ஒருத்தி பிள்ளையின் வாய்க்குள் விரல்விட்டு, பல் முளைக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். கன்னத்தில் ஒரு கொஞ்சு கொஞ்சினாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

பிள்ளையை வாங்க இன்னும் நாலைந்து கைகள் நீண்டன.