நீக்கப்பட்ட காற்று

வானிலை நிலையத்தின் மாடியில் காற்றுமானியின் மூன்று கிண்ணங்களும் அசையாமல் நின்றன. கீழே திரை மட்டும் மணிக்கு அறுபத்தொரு கிலோமீட்டர் என்று காட்டியது.

முழங்கால் வலியோடு அவள் துருப்பிடித்த இருபத்திரண்டு படிகளையும் ஏறிப் போய்ப் பார்த்தாள். மேலே ஒரு பொட்டுக் காற்று இல்லை. கடல் எண்ணெய் ஊற்றிவைத்ததுபோல் கிடந்தது. வெயிலில் இளகிய தாரின் வாடை மூக்கில் ஏறியது. இறங்கி வருவதற்குள் எண் எழுபத்துநான்கு ஆகியிருந்தது.

தீவில் அவளுக்குக் காற்றுக்காரி என்று பெயர். முப்பது வருடக் காற்றை அறிக்கையாக எழுதும் வேலையை மேலதிகாரி அவள் தலையில் கட்டியிருந்தார். தீவின் காற்று வருடத்துக்கு வருடம் தணிகிறது என்று எழுதி முடித்தும்விட்டாள். சராசரி தணிந்தது உண்மைதான். ஆனால் கடல் சூடேற ஏற, மேகத்திலிருந்து திடீரென்று கொட்டி மூன்று வினாடி மட்டும் அடிக்கிற வீச்சுகள் கூடிக்கொண்டே வந்தன. அவை அறிக்கையில் இல்லை. அக்கரை நிலையத்தில் பதிவாகாத வீச்சைக் கருவிப் பிழை என்று பதிவிலிருந்து அடித்துவிட வேண்டும் என்பது அலுவலக விதி. ஒரு தெரு அகலம்கூட இல்லாத காற்று அக்கரையில் எப்படிப் பதிவாகும்? இது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் அடித்தாள், சம்பளம் வாங்கிக்கொண்டு.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு மதியம் நூற்றுப்பதினெட்டை அடித்தாள். மாலையில் அண்ணனின் படகு கவிழ்ந்த செய்தி வந்தது. அன்று காற்றே இல்லை என்று அவள் அனுப்பிய தாள் சொன்னதால், குடித்துவிட்டு ஓட்டினான் என்று விசாரணையை முடித்தார்கள். அண்ணன் டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. வேலை போய்விடுமே என்று அவள் வாயைத் திறக்கவில்லை.

அண்ணி ஒரே ஒரு தடவை கேட்டாள். "அன்னிக்குக் காத்தே இல்லையா? உங்க அண்ணன் மேல சத்தியமா சொல்லு."

இல்லை என்று இவள் சொன்னாள். அந்த நாக்கு இன்னும் வாயில்தான் இருக்கிறது.

திரையில் எண்பத்திரண்டு. பிறகு அறுபத்தாறு. நீக்கிய வீச்சுகளின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். அறுபத்தொன்று, எழுபத்துநான்கு, எண்பத்திரண்டு, அறுபத்தாறு. அவள் அடித்தவை, அடித்த அதே வரிசையில் வந்துகொண்டிருந்தன.

நாலு மணிப் படகில் மகள் வருகிறாள். அக்கரையிலிருந்து அது கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மேலதிகாரியை அழைத்து, படகை நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டாள்.

"அக்கரையில காட்டுதா?"

"இல்ல சார்."

"அங்க வெளிய காத்து அடிக்குதா?"

ஜன்னலுக்கு வெளியே கொடியில் போட்ட துண்டு அசையவில்லை. "இல்ல சார். என் பொண்ணு அந்தப் படகுல வர்றா."

"வழக்கம்போல அடிச்சு விடுங்கம்மா. இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க?"

துறைக்கு அவளே பேசியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். பட்டியலைக் காட்டச் சொல்வார்கள். அதில் அண்ணன் இருக்கிறான். போனைக் கையில் வைத்துக்கொண்டே பத்து நிமிடமும் உட்கார்ந்திருந்தாள். படகு கிளம்பிவிட்டது.

எண்கள் வேகமாக வந்தன. தொண்ணூற்றைந்து. நூற்றிரண்டு. நூற்றுப்பதினெட்டு.

அங்கேயே நின்றது. அக்கரையில் பதிவாகாததற்குக் காரணம் கேட்டுத் திரை கண்சிமிட்டியது. விரல் பழக்கத்தில் போய்விட்டது. கருவிப் பிழை.

பூஜ்யம்.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். காதடைத்தது. மின்விசிறியின் சத்தம் கேட்கவில்லை. தன் செருப்பின் சத்தம்கூடக் கேட்கவில்லை. துறைக்கு ஓடினாள்.

படகு நேரத்துக்கு வந்தது. தண்ணீரில் ஒரு சுளிப்பு இல்லை. படகின் கொடி துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. படகு மெதுவாகத் துறையில் முட்டி நின்றது. யாரும் கயிறு வீசவில்லை.

தளத்தின் கைப்பிடிக் கம்பியை எல்லோரும் பிடித்திருந்தார்கள். கைகள் மட்டுமே கம்பியில் இருந்தன. உடல்கள் பெருங்காற்றில் அகப்பட்டவைபோல் பின்னால் கிடைமட்டமாக நீண்டு படபடத்தன. கால்கள் எதிலும் படவில்லை.

மூன்றாவது அவள் மகள். பின்னல் அவிழ்ந்து பின்னால் நேராக நீண்டு நின்றது. உதடுகள் பல்லைவிட்டு விலகிக் கிழிந்திருந்தன. கண்கள் அம்மாவைப் பார்த்தன. ஒரு விரல் கம்பியிலிருந்து விலகியது. அடுத்தது.