மூன்றாவது சலாம்

ஆளில்லாத அறையானாலும் சலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும் என்று வளர்ந்தவள் றபீக்கா. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுத்துவிட்டு, ஈரக்காலோடு வாசலில் நின்று வழக்கம்போலச் சொன்னாள். உள்ளேயிருந்து கரகரத்த குரலில் பதில் வந்தது.

அறையில் இருந்தது அவளுடைய ராத்தா, மூத்தவள் பாத்தும்மா மட்டும்தான். பாரிசவாதத்தில் கைகாலும் வாயும் ஓய்ந்து இரண்டு வருடம். ராத்தாவுக்குப் பேச்சு வந்துவிட்டதென்று சந்தோஷத்தில் அழுதுகொண்டே ஓடினாள் றபீக்கா. பாத்தும்மாவின் வாய் கோணியபடி பூட்டிக்கிடந்தது. அறையெங்கும் அவித்த நெல்லின் மணம். பின்வளவு நெல் ஆலை நின்றுபோய் எவ்வளவோ காலம்.

கல்முனையில் நெல் ஆலை வைத்துக் கொழித்த முதலாளியின் மாளிகை அது. அவர் நெல் அவிக்கிற தொட்டிக்குள் விழுந்து மௌத்தான பிறகு, அங்கே இருக்கப் பயந்த பிள்ளைகள் அதைப் போக்கிடமற்ற கிழடுகளுக்கென்று எழுதிக்கொடுத்தார்கள். நன்மையும் ஆயிற்று, வீட்டையும் கைகழுவியாயிற்று. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் குடிசையைப் பறிகொடுத்த சகோதரிகளுக்கு அவருடைய அறையும் கட்டிலுமே கிடைத்தன.

விஷயத்தைக் கேட்டதும் மேற்பார்வைக்காரி முனவ்வறாவின் முகம் வெளுத்தது. வேறு அறை இல்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த அறையில சலாம் சொன்ன ஆக்களத் தேடி மௌத்தான முதலாளி வருவாரு மாமி. வாசல்ல நிண்டு மூணு தரம் சலாம் சொல்லுவாரு. பதில் இல்லாட்டி திரும்பிப் போயிருவாரு. பதில் சொன்னா உள்ள வந்துருவாரு."

"பதில் சொல்லாம இருக்கிறது பாவமில்லையா?"

"ஓம், பாவந்தான். இருந்தாலும் சொல்லிராதீங்க."

மறுநாள் பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு, ஓட்டில் மழை இரைந்து, குப்பிவிளக்கின் புகை சுவரில் ஏறி இறங்க, கடற்காற்றின் உப்பு வாடையை மெல்ல மெல்ல அமுக்கிக்கொண்டு அந்த அவித்த நெல் மணம் நடை வழியாக வந்து கதவுக்கு வெளியே நின்றது.

சலாம்.

றபீக்கா முக்காட்டுத் துணியை வாயில் திணித்துக்கொண்டாள். ஆயுள் முழுக்கப் பழகிய நாக்கு தானாகப் புரண்டது. அடக்கினாள். ராத்தாவை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

இரண்டாவது சலாம். கதவின் கீழால் ஆவி வந்தது. சுடுநீர் சொட்டும் சத்தம்.

மூன்றாவது.

அவ்வளவுதான். இனிப் போய்விடுவார். றபீக்கா மூச்சுவிட்டாள்.

அவள் முதுகுக்குப் பின்னால், கட்டிலிலிருந்து, ராத்தாவின் பழைய குரல் தெளிவாகக் கேட்டது.

"வஅலைக்கும் ஸலாம்."

தாழ்ப்பாள் எழும்பியது. றபீக்கா கதவைப் பார்க்கவில்லை. இரண்டு வருடமாக விரல் அசைக்காத பாத்தும்மா, சுவர்ப்பக்கம் நகர்ந்து படுத்து, கட்டிலில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தாள்.