கவிழ்க்காத தாழி

காலையில் ஒட்டி முடித்த தாழிக்குள்ளிருந்து பீடி வாசனை வந்தது.

நீலமேகம் குனிந்து மறுபடி முகர்ந்தான். அரக்கு நாற்றம் அடித்தால் நியாயம். செத்தவர்களை வைத்துப் புதைத்த ஈமத்தாழியில் பீடி எப்படி வரும்? விடியலில் கடலுக்குப் போன அவன் அப்பா வேலப்பன் குடிக்கிற மட்டப் பீடி வேறு. பயமாக இருந்தது, தொல்லியலில் எம்.ஏ. படிக்கிறவன் பயப்படலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

எர்ணாவூரில் கம்பெனிச் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டியபோது துண்டுதுண்டாகக் கிடைத்தது அந்தத் தாழி. முழுசாக ஒட்டிக் காட்டினால் பட்டம் உறுதி என்று புரொபசர் சொல்லியிருந்தார். முகத்துவாரக்குப்பத்தில் அவனுக்கு முன்னால் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. அதற்குள் கிடந்த எலும்புகள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மனைவி மங்கை ஒரே பிடியாக நிற்க, அவற்றைக் கழிமுகத்தில் கொட்டிவிட்டு ஓடுகளை மட்டும் கொண்டுவந்தான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மங்கை வாசலில் வந்து நின்றாள்.

"உன் நைனா இன்னும் கரையேறலய்யா. ஆம்பள கடல்ல கீறப்ப காலிப் பானைய வாய் தொறந்து வெப்பாங்களா? அது ஆளக் கேக்கும். கவுத்துப் போடு."

"அரக்கு காயலடி. கவுத்தா வுட்டுக்கும்."

"இன்னா படிப்போ!" அவள் கரைக்கு ஓடினாள்.

கூரையில் காற்று சலசலத்தது, அலை எங்கோ உடைந்தது, அந்தச் சத்தங்களுக்கு நடுவே, வெகு அருகில், ஈரத்தோல் மண்சுவரில் உரசுவதுபோல ஒரு ஓசை மெதுவாக ஏறி, நின்று, மறுபடி ஏறியது. அவன் விளக்கைத் தூக்கிக்கொண்டு தாழியைத் தள்ளினான். காலையில் தனியாளாக நகர்த்தி வைத்த தாழி. அசையவில்லை.

வெளிப்புறம் வியர்த்திருந்தது. தொட்ட விரலை நாக்கில் வைத்தான். உப்பு.

"மேகம்..."

உள்ளிருந்து. அப்பாவின் குரல்.

"காலை மடக்கிட்டேன்டா. இன்னும் எடம் பத்தல."

தாழியின் வாயில் ஒரு தலைகூட நுழையாது. அதை அளந்து எழுதியவனே அவன்தான்.

"மூச்சு முட்டுதுடா. ஒட்சிடு."

உலக்கையை எடுத்தான். ஓங்கினான். புரொபசரின் முகம் நினைவுக்கு வந்தது. பட்டம். ஒரு கணம் கை நின்றது.

ஒரே ஒரு கணம்.

குரல் நின்றுவிட்டது.

"நைனா?"

அடித்தான். மறுபடி அடித்தான். தாழி பிளந்து சரிந்தது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

உள்ளே ஒரு எலும்புக்கூடு உட்கார்ந்திருந்தது. முழங்கால் இரண்டும் தாடையோடு ஒட்டி, பழுப்பேறி, தொட்டால் உதிரும்போல, எத்தனையோ காலமாக அப்படியே இருந்ததுபோல. இடுப்பெலும்பில் ஒரு சிவப்பு அரைஞாண் கயிறு. புதுசு. அதிலிருந்து மட்டும் இன்னும் கடல்நீர் சொட்டியது.

விரல் மடங்கவில்லை, நீயே கட்டிவிடு என்று விடியலில் அப்பா நீட்டிய கயிறு. முடிச்சு அவன் போட்டது.

கரையில் மங்கை அலறும் சத்தம் கேட்டது. மண்டையோடு மெல்ல நிமிர்ந்து, சத்தம் வந்த பக்கம் திரும்பியது.