ஆணி நிற்காத சுவர்

முந்தின நாள் மாலை அடித்த ஆணியைக் காணோம்.

கழன்று விழுந்திருந்தால் தரையில் கிடக்க வேண்டும். சுவரில் ஓட்டையாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. கட்டிலுக்கு எதிர்ச்சுவர் பாலாடை நிறத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல் வழவழவென்று இருந்தது. அதில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோ மேசைமேல் படுத்துக் கிடந்தது, கண்ணாடி பளிச்சென்று துடைத்தபடி. அவள் உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்தாள். ஓரிடம் மட்டும் சில்லென்று ஈரமாக இருந்தது. விரலை மோந்தால் புதுப் பெயிண்ட் வாசனை.

"என்னங்க, நீங்க ஏதாவது பண்ணினீங்களா?"

கணவர் ரிட்டயரான பஸ் டிரைவர். சுத்தியலைத் தொட்டால் முதல் அடியைத் தன் கட்டைவிரலுக்குத் தருகிறவர். "நானா? ஆணியப் பிடுங்கி, ஓட்டைய அடைச்சு, பெயிண்ட் வேற அடிச்சேனா? காலங்காத்தால ஏம்மா சிரிப்பு மூட்டறே?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜவுளிக்கடை மாடியில் அடுத்தவர் ஜாக்கெட்டைப் பிரித்துப் பிரித்துத் தைத்தே கண் மங்கிப்போனவள் அவள். குடியிருந்த வாடகை வீடுகளுக்குக் கணக்கில்லை. போன இடத்திலெல்லாம் சாவியைக் கொடுக்கும் முன்பே வீட்டுக்காரர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சுடாதீங்க." கல்யாணப் போட்டோ பழைய புடவையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியிலேயே காலம் தள்ளியது. நம் வீடு என்று ஒன்று வந்தால் முதல் வேலை ஆணி அடிப்பதுதான் என்று அவள் சொல்லாத நாள் இல்லை. காதுத் தோடு தவிர நகையெல்லாம் போய்த்தான் இந்த வீடு வந்தது.

வீடு என்றால், ஒரு காலத்தில் ஜனங்கள் குடும்பத்தோடு லீவுக்கு வந்து தங்கிய கடற்கரை ரிசார்ட். கூட்டம் நின்றுபோனதும் இரண்டிரண்டு அறையாக இடித்துச் சேர்த்து, வீடு என்று விற்றுவிட்டார்கள். கதவுகளில் பித்தளை எண்கள் இன்னும் இருந்தன. பால்கனிக்குக் கீழே நீச்சல்குளத்தில் தண்ணீருக்குப் பதில் மணல். வாங்கிப் போட்டவர்கள் பூட்டிக்கொண்டு போய்விட்டதால், நீளமான அந்த மாடி நடையில் விளக்கெரியும் வீடு இவர்களுடையது மட்டும்தான்.

அவள் இன்னொரு ஆணி அடித்தாள். மறுநாள் அதுவும் இல்லை. கான்கிரீட் ஆணி வாங்கி வந்து, பற்களைக் கடித்துக்கொண்டு, தலை மட்டும் தெரிய இறக்கினாள். அதுவும் போச்சு. சமையல் மேடையில் அவள் வைத்த எண்ணெய்ப் பிசுக்கு போயிற்று. கணவர் நகர்த்தியபோது பீரோ கதவில் போட்ட கீறல் போயிற்று. கட்டில் விரிப்பு தினமும் நான்கு மூலையும் மடித்து, இழுத்துச் செருகியபடி இருந்தது. குடிவந்து இத்தனை நாளாகியும் அந்த வீட்டில் அவர்கள் இருப்பதற்கு ஓர் அடையாளமும் தங்கவில்லை.

கீழே குடியிருப்போர் சங்க செகரட்டரியிடம் போய் நின்றாள். சங்க ஆபீசை விட்டு நகராத மனிதர்.

"சார், என் வீட்டுக்குள்ள யாரோ வர்றாங்க. வந்து ஆணியப் பிடுங்கிட்டுப் போறாங்க."

"ஏதாவது திருட்டுப் போயிருக்கா மேடம்?"

"ஆணி போயிருக்கு சார்!"

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ரிசார்ட்டா இருந்தப்ப, கெஸ்ட் கிளம்பின கையோட சுவத்துல ஒரு பொட்டு ஓட்டை இல்லாம அடைச்சு வெச்சுடுவாங்களாம். அவ்வளவு சுத்தம். இப்ப அதுக்கெல்லாம் ஏது மேடம் ஆளு?"

அன்று இரவு ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று அவள் இன்னொரு ஆணியை அடித்து, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். அலைச்சத்தம். உப்புக்காற்றில் பால்கனிக் கதவு முனகும் சத்தம். இவற்றுக்கெல்லாம் மேலே கணவர் வாயைப் பிளந்துகொண்டு விட்ட குறட்டை. ஏற்றத்தில் பஸ் திணறுகிற மாதிரி.

"கடவுளே, ஒண்ணும் கேக்க விடமாட்டேங்கறீங்களே!" அவரை உலுக்கினாள். "ஓட்டை அடைக்கிறவன் வரட்டும், முதல்ல இந்த வாயை அடைக்கச் சொல்றேன்."

அவர் தூக்கத்திலேயே சிரித்துவிட்டுப் புரண்டு படுத்தார். குறட்டை ஒரு கணம் நின்றது. அந்த இடைவெளியில் கேட்டது. சர்... சர்... உப்புத்தாளால் எதையோ நிதானமாகத் தேய்க்கும் சத்தம். அவள் விளக்கைப் போட்டாள். யாருமில்லை. ஆணியும் இல்லை.

மறுநாள் மதியம் சாப்பிட்ட அசதியில் கண்ணயர்ந்து எழுந்தவள், கலைந்த முடியைக் காதோரம் ஒதுக்கினாள். விரல் தோட்டைத் தேடியது. இல்லை. தலையணை ஓரத்தில், ஒரு சின்னத் தட்டில், தோடு இரண்டும் துடைத்து அடுக்கியிருந்தன.

காதை நெருடினாள். ஓட்டை இல்லை. இந்தப் பக்கமும் இல்லை. சிறு வயதில் குத்திய காது, மடல் முழுக்க வழவழவென்று, கொஞ்சம் இறுக்கமாக, சில்லென்று.

"என்னங்க!"

அவர் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "வேணாம்மா. வாடகைக்கே போயிடலாம். இப்பவே கிளம்பு."

"எதுக்குப் போகணும்? இனி எவன் வீட்டு வாசல்லயும் போய் நிக்க என்னால ஆகாது. இது என் வீடுங்க!" "அந்த செகரட்டரியை இழுத்துட்டு வரேன். கண்ணால பாக்கட்டும். நீங்க இங்கயே இருங்க." போகிற போக்கில், வீம்புக்கு, இன்னொரு ஆணியைச் சுவரில் அறைந்து போட்டோவை மாட்டிவிட்டுத்தான் போனாள்.

செகரட்டரி அவள் காதை இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தார். "நீங்க காதே குத்தாம இருந்திருப்பீங்க மேடம். மறந்திருப்பீங்க."

திரும்பி மாடிப்படி ஏறினாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நடையில் பித்தளை எண்கள் ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டு வந்தன. பாதி தூரத்திலேயே பெயிண்ட் வாசனை வந்துவிட்டது. மதியம் படுத்தால் இந்த நடை முழுக்கக் கேட்கும் அவருடைய குறட்டை.

கேட்கவில்லை.

காத்திருந்து காத்திருந்து அசந்திருப்பார். ஒருக்களித்துப் படுத்திருப்பார். அப்படித்தான் இருக்கும்.

கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள்.

முதலில் கண்ணில் பட்டது போட்டோ. சுவரில். நேராக, ஒரு பக்கமும் சாயாமல். ஆணி நின்றுவிட்டது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

பிறகு கட்டில்.

விரிப்பு நான்கு மூலையும் இழுத்துச் செருகியிருந்தது. அதற்குள் அவர். கழுத்துவரை இறுக்கி. கை அசைக்க முடியாமல்.

"என்னங்க?"

தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது. நெற்றி அவருடையது. கண் அவருடையது. அகலத் திறந்து, சுழன்று, அவளையே கெஞ்சிக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே ஒன்றும் இல்லை. மூக்குத் துவாரம் இல்லை. வாய் இல்லை. மோவாய்வரை ஒரே பரப்பு. வழவழவென்று. பாலாடை நிறத்தில். இன்னும் ஈரம் காயாமல்.

விரிப்புக்கு அடியில் நெஞ்சு எம்பி எம்பித் தணிந்தது. வாய் இருந்த இடம் உள்ளே குழிந்தது. உப்பியது. குழிந்தது. கிழியவில்லை.

அவள் அலறுவதற்கு வாயைத் திறந்தாள்.

சர்... என்றது, அவள் கன்னத்தருகே.