பின்னுக்குப் போன படகு

திங்கட்கிழமை, காலை 7.20.

அனலைதீவுக்குப் போகிற படகு ஊர்காவற்றுறையை விட்டு இருபது நிமிடம் ஓடியிருந்தது. படகோட்டி தம்பிஐயா சட்டென்று இஞ்சினை நிறுத்தினார். மார்கழித் தூறலில் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தன. அதற்குள் ஒரு வெள்ளை பைபர் படகு ஆளில்லாமல் மிதந்தது. கொஞ்சம் தள்ளி, முகம் தண்ணீருக்குள் இருக்க, ஒரு மனிதர்.

"அது தியாகலிங்கம் அண்ணையின்ர படகு," என்றார் தம்பிஐயா.

படகில் இருந்த பதினாறு பேரில் ஒருவர் டொக்டர் பிரியவதனி. வாரத்தில் மூன்று நாள் தீவுக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பவர். நாலு பேர் சேர்ந்து உடலைத் தூக்கிக் கிடத்தியதும் அவர் குனிந்து பார்த்தார். உயிர் போய் அதிக நேரமில்லை. பின்மண்டையில் ஆழமான காயம்.

"எழும்பி நிண்டு வலையை இழுக்கேக்க சறுக்கி விழுந்திருப்பார்," என்றார் ஒருவர்.

பிரியவதனி தியாகலிங்கத்தின் படகைப் பக்கத்தில் இழுக்கச் சொன்னார். அதன் விளிம்பு ஓரிடத்தில் வெடித்திருந்தது. வெடிப்பின்மேல் ஒரு சாண் நீளத்துக்கு நீலப் பெயின்ற் தேய்ந்திருந்தது. அதைப் போனில் படமெடுத்தார்.

பின்வரிசையில் இந்துஜா இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி இருந்தாள். நாரந்தனையிலிருந்து வந்து அனலைதீவில் கணிதம் படிப்பிக்கிற ஆசிரியை. வயது முப்பத்திரண்டு. மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில் கட்டிலில் புரண்டு படுத்தபோது அறை முழுவதும் சுழன்றது. காதுக்குள் இருக்கிற நுண்ணிய கற்கள் இடம் மாறிவிட்டன என்று பிரியவதனிதான் கண்டுபிடித்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, கற்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். சுழற்சி நின்றது. ஆனால் ஒரு தள்ளாட்டம் போகாமல் ஒட்டிக்கொண்டது. சந்தையில் சனம் அசைந்தாலே தரை நகர்வதுபோல இருந்தது.

"காது சுகமாயிட்டுது," என்று அப்போது பிரியவதனி விளங்கப்படுத்தினார். "மூளைதான் இன்னும் காதை நம்பேல்லை. கண் சொல்லுறதைக் கூடுதலாய்க் கேக்குது. இப்பிடி மிச்சத் தலைச்சுத்து உள்ள ஆக்களின்ர மூளையை ஸ்கான் பண்ணிப் பாத்தவை, பார்வைக்கும் சமநிலைக்கும் உரிய இடங்கள் வேலை செய்யிற விதம் மாறியிருக்கு எண்டு சொல்லுகினம். பழகப் பழகக் குறையும். வரேக்க எல்லாம் நேரத்தையும், என்ன மாதிரி இருந்தது எண்டதையும் ஒரு கொப்பியில எழுதும்."

இந்துஜாவுக்கு அதில் ஒரு சொல்தான் மனதில் தங்கியது. மூளை. அன்றிலிருந்து அவள் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

முற்பகல் 11.40. ஊர்காவற்றுறை.

படகு உடலோடு திரும்பி வந்திருந்தது; பிரியவதனியும் தம்பிஐயாவும் பொலிஸ் நிலையத்திலேயே இருந்தார்கள். சப் இன்ஸ்பெக்டர் நிசாந்தன் முதலில் விசாரித்தது இறந்தவரின் மனைவி சிவக்கொழுந்தை.

"கடைசியாய் எப்ப கதைச்சவர்?"

"ஆறு அஞ்சுக்குப் போன் எடுத்தவர். வலை ஏத்திப்போட்டன், வாறன் எண்டவர்."

"அவருக்கு ஆரோடையும் பகை இருந்ததோ?"

சிவக்கொழுந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். "அவர் கடற்றொழில் சங்கச் செயலாளர். ஆரோ வள்ளத்தில டைனமைற் கொண்டுபோய் மீன் அடிக்கிறவைக்குக் குடுக்கினம் எண்டு நேற்றுக் கூட்டத்தில சொன்னவர். பேர் சொல்லேல்லை. இண்டைக்கு மத்தியானம் யாழ்ப்பாணம் போய் எழுதிக்குடுக்கிறன் எண்டவர்."

அடுத்ததாக நிசாந்தன் கேட்டது, விடியற்காலையில் இறங்குதுறையில் யார் இருந்தார்கள் என்பது. ஒரே ஒருத்திதான். இந்துஜா.

"எத்தினை மணிக்கு வந்தனீங்கள், ரீச்சர்?"

"ஆறேகால். சனம் வர முந்தியே ஏறி இருந்திடுவன். ஆக்கள் அசைஞ்சால் எனக்கு ஏலாது."

"பக்கத்தில வேற வள்ளம் நிண்டதோ?"

"தெரியாது. காலுக்குக் கீழை உள்ள பலகையைத்தான் பாத்து ஏறினனான். ஏறினவுடனை கண்ணை மூடியிட்டன்."

"பிறகு?"

இந்துஜா டொக்டரைப் பார்த்தாள். "இஞ்சின் சத்தம் கேட்டுது. கண்ணைத் திறந்தன். அசையாத ஒண்டைப் பார் எண்டு டொக்டர் சொல்லித் தந்தவ. பக்கத்து வள்ளத்தின்ர நீலப் பக்கத்தைப் பாத்தன். அப்ப எங்கட படகு பின்னுக்குப் போகத் தொடங்கிட்டுது. பயத்தில கத்திப்போட்டன்."

கொப்பியிலும் அப்படியே இருந்தது: 6.35. படகு பின்னுக்குப் போனது. ஒரு நிமிடம்.

தம்பிஐயா தலையாட்டினார். "படகு கட்டினபடிதான் நிண்டது, ஐயா. முன்பக்கம் கரையைப் பாத்தபடி. நான் றோட்டுக்கரைத் தேத்தண்ணிக் கடையில இருந்தனான். ரீச்சர் கத்தக் கேட்டுத்தான் இறங்குதுறைக்கே வந்தனான். கயிறு அவிழேல்லை. பக்கத்தில தர்சன்ர சாமான் வள்ளம், அதுவும் கட்டியிருந்தது. கரையில ஒரு குருவியும் இல்லை." அவர் தயங்கினார். "சிரிச்சுப்போட்டன். பாவம்."

நிசாந்தன் பேனையை மூடினார். பிரியவதனியும் அதை நோயின் ஒரு குறியாகத்தான் எடுத்தார்.

பிற்பகல் 1.00. இறங்குதுறை.

சாமான் ஏற்றுகிற நீல வள்ளம் அங்கே நின்றது. அதன் சொந்தக்காரன் தர்சன், நாற்பது வயது, அமைதியான ஆள், முன்பக்கத்தில் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தான்.

"தூறலுக்குள்ள பெயின்ற் அடிக்கிறீர்?" என்று கேட்டார் பிரியவதனியோடு வந்த நிசாந்தன்.

"வேலை இல்லாத நாள், ஐயா. இஞ்சின் பழுது. சனிக்கிழமையில இருந்து வள்ளம் இந்த இடத்தை விட்டு அசையேல்லை."

உள்ளே இஞ்சினைக் கழற்றிச் சாக்கில் பரப்பி வைத்திருந்தான். காலையில் வந்த பயணிகளைக் கேட்டபோது எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். ஆறு நாற்பதுக்கு நாங்கள் வரும்போது வள்ளம் நின்றது, ஏழு மணிக்கு வெளிக்கிடும்போதும் நின்றது.

"இந்தக் கடலில பாதி வள்ளம் நீலம்தான், டொக்டர்," என்றார் நிசாந்தன், பிரியவதனி போனில் காட்டிய படத்தைப் பார்த்து.

பின்னேரம் 5.10.

பிரியவதனியின் போன் அடித்தது. இந்துஜா.

"டொக்டர், நான் மூளை பிழைச்சு விசராகிப் போறனோ?"

"இல்லை. ஏன் அப்பிடிக் கேக்கிறீர்?"

"கட்டியிருந்த படகு ஓடினது எண்டு சொல்லுற ஆளுக்கு என்ன பேர்? பிள்ளையளுக்கு முன்னாலை நிண்டு கணக்குச் செய்யேக்க கரும்பலகை நகர்ந்தால் நான் என்ன செய்யிறது? அம்மாவுக்கும் சொல்லேல்லை. கிணத்தடிக்குப் போகவே பயமாக் கிடக்கு."

பிரியவதனி நீண்ட நேரம் கதைத்து ஆறுதல்படுத்தினார். கடைசியில் இந்துஜா கொஞ்சம் தெளிந்தாள்.

"சனம் எல்லாம் சிரிக்குது. அந்தத் தர்சன் அண்ணை மட்டும் வீட்டை வந்து வடிவாய் விசாரிச்சவர். படகு முன்னுக்குப் போன மாதிரி இருந்ததோ, பின்னுக்குப் போன மாதிரி இருந்ததோ எண்டும் கேட்டவர். நல்ல மனுசன்."

"நாளைக்கு லீவு போடும். ஓய்வெடும்."

"ஓம், பாப்பம்."

செவ்வாய்க்கிழமை, காலை 5.35.

பிரியவதனி குசினியில் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். கேத்தில் கொதிக்கத் தொடங்கியது. நேற்று இந்துஜா சொன்ன தர்சனின் கேள்வி அவருக்கு நினைவுக்கு வந்தது.

ஒரு வருத்தக்காரியைப் பார்க்க வருகிறவன் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும்? தலைச்சுத்து எப்படி என்று கேட்கலாம், மருந்து எடுக்கிறீரோ என்று கேட்கலாம். முன்னுக்கோ பின்னுக்கோ என்று அறிய வேண்டிய ஆள் யார்?

இந்துஜாவுக்குப் போன் எடுத்தார். ஒருவரும் எடுக்கவில்லை. இரண்டாம் முறை அவளுடைய அம்மா எடுத்தார்.

"பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுட்டுது, டொக்டர். போனை விட்டிட்டுப் போட்டுது. சனத்துக்குள்ள இருக்க ஏலாது எண்டு, தர்சன் தம்பி தன்ர சின்னப் படகில கொண்டுபோய் விடுறன் எண்டவர்."

அடுப்பை அணைத்தாரா என்றுகூடப் பிரியவதனிக்குப் பிறகு நினைவில்லை. நிசாந்தனுக்கு அடித்தார். "இறங்குதுறைக்கு வாங்கோ. இப்பவே."

காலை 6.05.

மழை விட்டிருந்தது. இறங்குதுறையில் இரண்டு பேர்தான். தர்சன் ஒரு சின்ன பைபர் படகுக்குள் நின்றபடி கையை நீட்டியிருந்தான். இந்துஜா ஒரு காலைப் படகில் வைத்து, மறு காலைத் தூக்கப் பயந்துகொண்டு நின்றாள்.

"என்ர கையைப் பிடியுங்கோ, ரீச்சர். கீழை பாக்காதேங்கோ."

"இந்துஜா," என்றார் பிரியவதனி. ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. "காலை எடும். பின்னாலை வாரும்."

அவள் திரும்பினாள். டொக்டரின் முகத்தைப் பார்த்ததும் காலை எடுத்துக்கொண்டு தரையில் அப்படியே இருந்துவிட்டாள். பின்னால் நிசாந்தனின் பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

"என்ன பிரச்சினை?" என்றான் தர்சன்.

"ஒரு சோதனை," என்றார் பிரியவதனி. "இந்துஜா, உமக்குப் பயம் எண்டு தெரியும். ஏலாது எண்டால் வேண்டாம். நேற்று இருந்த இடத்தில ஒருக்கால் இருந்து காட்டுவீரோ?"

இந்துஜா நெடுநேரம் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு எழும்பி, பலகையைப் பிடித்துப் பிடித்துப் பயணிகள் படகில் ஏறி, கரையைப் பார்த்தபடி இருந்து கண்ணை மூடினாள். சத்தம் கேட்டுக் கடையிலிருந்து வந்த தம்பிஐயா கயிற்றை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினார். பொலிஸ்காரரும் தேத்தண்ணிக் கடையில் நின்றவர்களும் நீல வள்ளத்தை அவிழ்த்துக் கழியால் கடல் பக்கம் தள்ளினார்கள்.

"இப்ப கண்ணைத் திறவும்."

"முன்னுக்கு," என்றாள். "நாங்கள் கரைக்குள்ள போறம்." கண்ணீர் ஓடியது. ஆனால் கண்ணை மூடவில்லை.

வள்ளத்தைக் கயிற்றால் திரும்பக் கரைக்கு இழுத்தார்கள்.

"பின்னுக்கு," என்றாள். "இதுதான். நேற்று இதுதான்."

"எல்லாருக்கும் ஒருக்கால் இது வந்திருக்கும்," என்றார் பிரியவதனி. "பஸ்சுக்குள்ள இருக்கேக்க பக்கத்து பஸ் வெளிக்கிட்டால், எங்கட பஸ் பின்னுக்குப் போற மாதிரி இருக்கும். அடுத்த நொடி காதில உள்ள சமநிலை, இல்லை, நீ அசையேல்லை எண்டு சொல்லித் திருத்தும். இவவின்ர மூளை இப்ப அந்தத் திருத்தலைக் கேக்குறதில்லை. கண் சொல்லுறதை அப்பிடியே எடுக்குது. நேற்று நான் பிழையாய் யோசிச்சன். அசையாத ஒண்டைப் பார் எண்டு நான்தான் சொல்லிக் குடுத்தனான். இவ பாத்தது அசைஞ்ச ஒண்டை. இவ பின்னுக்குப் போனது எண்டால், நீல வள்ளம் முன்னுக்கு வந்தது. கடலில இருந்து கரைக்கு. ஆறு முப்பத்தைஞ்சுக்கு."

"தம்பிஐயா இஞ்சின் போடேல்லை. அப்ப ரீச்சர் கேட்ட சத்தம்..." என்றார் நிசாந்தன் மெதுவாக.

"இந்த வள்ளத்தின்ர சத்தம். அஞ்சு நிமிசம் கழிச்சு வந்த சனத்துக்கு, அது சனிக்கிழமையில இருந்து நிண்ட மாதிரித்தான் தெரியும். இஞ்சினைக் கழட்டிச் சாக்கில பரப்ப ஒரு முற்பகல் போதும்."

தர்சன் சிரிக்கப் பார்த்தான். "தலைச்சுத்து வருத்தக்காரியின்ர கதையை வைச்சு ஆளைப் பிடிப்பியளோ?"

"அப்ப நேற்று அவவின்ர வீட்டை போய், முன்னுக்கோ பின்னுக்கோ எண்டு ஏன் கேட்டனீர்?" என்றார் பிரியவதனி. " வருத்தம் எண்டு நினைச்ச ஒருவரும் அதைக் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. வள்ளம் அசைஞ்சது எண்டு தெரிஞ்ச ஆளுக்குத்தான் அந்தக் கேள்வி வரும்."

ஒரு பொலிஸ்காரர் வள்ளத்தின் முன்பக்கத்தில் புதுப் பெயின்றைக் கத்தியால் சுரண்டினார். அடியில் மரம் நசுங்கியிருந்தது. நசுங்கலுக்குள் வெள்ளை பைபர் தூள் சிக்கியிருந்தது.

காலை 9.00.

தர்சன் பொலிஸில் எல்லாவற்றையும் சொன்னான். டைனமைற் கொண்டுபோனது அவன்தான். தியாகலிங்கத்தை வெருட்டி வாயை மூடவைக்கத்தான் போனதாகச் சொன்னான். ஆனால் தூறலுக்குள் ஆளைக் கண்டதும் வேகத்தைக் குறைக்கவில்லை. திரும்பிவந்து கட்டும்போது இந்துஜா கத்தியது கேட்டு, தன்னைக் கண்டுவிட்டாள் என்று நினைத்து இஞ்சின் அறைக்குள் ஒளிந்துகொண்டான். இன்று கடல் நடுவில் என்ன செய்ய இருந்தான் என்று நிசாந்தன் இரண்டு முறை கேட்டார். அதற்கு மட்டும் அவன் வாய் திறக்கவில்லை.

சிவக்கொழுந்து வெளியே மர வாங்கில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அழவில்லை. எழும்பிப் போய் இந்துஜாவின் பக்கத்தில் இருந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே வாக்குமூலம் எழுதுகிறபோது நிசாந்தன் ஓரிடத்தில் நின்றார்.

"ரீச்சர், உங்களுக்குத் தலைச்சுத்து இருக்கு எண்டதை எழுதாமல் விடட்டோ? கோட்டில லோயர்மார் அதைப் பிடிச்சுக் கரைச்சல் தருவினம்."

"இல்லை, எழுதுங்கோ," என்றாள் இந்துஜா. "அது இல்லாட்டி எனக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது."

கதிரையின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, கையெழுத்து வைத்தாள்.