தெளிந்த ஏரியில் ஒரு கொலை

மார்ச் 12, புதன்கிழமை. தெளிந்த வானம், இளவெயில், காற்றில்லை.

காலை 8.10. சென்ற வாரம் வரை பச்சைப் பட்டு விரித்தாற்போலிருந்த சிற்றேரி, அன்று அடியிலுள்ள கூழாங்கல் தெரியுமளவு தெளிந்திருந்தது. ஊரார் அதைக் கண்டு மகிழ்ந்தனர். கரையில் மீன்குஞ்சுப் பண்ணை நடத்தும் அம்மையாரோ தலையில் கைவைத்து அமர்ந்திருந்தார். ஏரி நீரில் மிதந்து வரும் நுண்பாசியே அவருடைய குஞ்சுகளுக்கு உணவு. இப்போது அவை வயிறு ஒட்டிக் கிடந்தன.

“லாண்டரிக்காரர் வேலைதான் மேடம். சோப்புத் தண்ணி அத்தனையும் ஏரிலதான் விழுது. இன்னைக்கே கடைக்கு சீல் வைங்க” என்றார் அவர், விசாரிக்க வந்த பெண் காவல் ஆய்வாளரிடம்.

ஆய்வாளர் லாண்டரியின் வாய்க்காலுக்குச் சென்றார். சென்றவர் வழுக்கி விழுந்தார். கடைக்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டார்.

“பாத்து மேடம். என்மேல கேஸ் போட வந்து கால உடைச்சுக்காதீங்க.”

“எத்தனை வருஷமா இந்தத் தண்ணி போகுது?”

“பதினோரு வருஷமா. இப்பதான் விஷமாச்சா?”

காலை 9.25. படகுத்துறை. அம்மையாரின் கொழுந்தன் அங்கே வாடகைப் படகு விடுகிறார். ஆய்வாளர் கைப்பிடியைத் தொடாமலேயே படியிறங்கி நீரில் கை நனைத்தார்.

“படகெல்லாம் புதுசா?”

“பழசுதாங்க. போன வாரம் பெயின்ட் அடிச்சேன். மாப்பிள்ள மாதிரி நிக்குதுல்ல?”

காலை 11.00. மூவரையும் பண்ணையில் கூட்டினார் ஆய்வாளர்.

“லாண்டரித் தண்ணி விஷம்னா, முதல்ல அந்த வாய்க்கால் பாசிதான் செத்திருக்கணும். நான் அதுலதான் வழுக்கி விழுந்தேன். படகுத்துறைப் படியில, தண்ணிக்குள்ளகூட, ஒரு பொட்டுப் பாசி இல்லை. மீன் சாகல, பச்சை மட்டும் செத்திருக்கு.” அவர் கொழுந்தனை நோக்கினார். “என்ன பெயின்ட் தம்பி?”

“அடியில பாசி புடிக்காத பெயின்ட்டுங்க. புதுசா வந்தது. ரெண்டு கோட்டு போதும்னாங்க, நாலு அடிச்சேன். காயறதுக்குள்ள தண்ணில இறக்கிட்டேன்.”

“எப்பத் தெரிஞ்சுது?”

“ரெண்டு நாளாச்சு.”

“தெரிஞ்சுமா அவர் மேல பழி போட விட்ட?” என்றார் அம்மையார்.

“உங்க முகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல அண்ணி.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அங்கே மெய்யாயிற்று. படகுகளை உடனே கரையேற்றுமாறு ஆய்வாளர் பணித்தார். ஏரியோடு சேராத மேட்டுக் குட்டையின் நீர் இன்னும் பச்சையாகவே இருந்தது. அதைப் பீப்பாயில் கொணர்ந்தால் குஞ்சுகள் பிழைக்கும். ஆனால் வேன் வேண்டும். அந்தக் கரையில் வேன் வைத்திருப்பவர் ஒருவரே.

அம்மையார் எழுந்து லாண்டரிக்காரர் முன் நின்றார்.

“அண்ணே… எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறதுன்னு தெரியல.”

“சாவி வண்டியிலேயே இருக்கும்மா. பீப்பாயும் கடையில கெடக்கு. சோப்பு வாசம் போக நானே கழுவித் தரேன். எனக்குத் தெரிஞ்ச தொழில் அதுதான்.”

கொழுந்தன் அவர் பின்னே நடந்தார். குட்டையிலிருந்து வேன் திரும்பியதும் முதல் பீப்பாயைத் தம் தோளிலேயே சுமந்து வந்து தொட்டியில் கவிழ்த்தார். பச்சை நீர் மெல்லப் பரவியது. ஒட்டிய வயிற்றுடன் கிடந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாய் வாய் திறந்து அதற்குள் நுழைந்தன. அப்போது மணி பிற்பகல் 12.50.