கடைசி ஆளுக்குப் பின்னால்

எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

ஆர்மெல் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊசியிலை மரங்களுக்கு நடுவே இறங்கும் சேற்றுப் பாதையில் பிரேக்கை மெல்லப் பிடித்து, ஒரு காலை ஊன்றி நின்று, காது கொடுத்தாள். கிளைகளிலிருந்து சொட்டும் நீர், கீழே எங்கோ ஓடை, ஈர மரப்பட்டையும் அழுகிய காளானும் கலந்த மோர்வான் காட்டின் நவம்பர் வாசனை. எல்லாவற்றுக்கும் அடியில், பெடலை மிதிக்காமல் இறக்கத்தில் உருண்டு வரும் ஒரு சைக்கிளின் ஃப்ரீவீல் சத்தம், டிக் டிக் டிக் என்று அவசரமே இல்லாமல். அவளுடைய சைக்கிள் நின்ற பிறகும் அது கொஞ்ச நேரம் கேட்டது. பிறகுதான் நின்றது.

இன்று அவள்தான் துடைப்பம். கிளப்பில் அந்த வேலைக்கு அப்படித்தான் பெயர். வருடாந்திரச் சவாரியில் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு கடைசியாகக் கிளம்புகிறவர். வழி காட்டுவதற்காகக் கிளைகளில் கட்டிய மஞ்சள் ரிப்பன்களை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, செயின் அறுந்தவர்களையும் தொடை பிடித்துக்கொண்டவர்களையும் தனக்கு முன்னால் அனுப்பிக்கொண்டே வருகிறவர். துடைப்பம் கடந்து போன பாதையில் ரிப்பனும் மிஞ்சாது, ஆளும் மிஞ்ச மாட்டார்.

"யாரது?" என்று கேட்டாள். "வழி தப்பிட்டீங்களா?"



கடைசிச் சவாரிக்காரர், டிஜோனிலிருந்து வந்த ஒரு பருத்த மனிதர், வழியில் போட்டிருந்த சாப்பாட்டு மேசையருகே உலர்ந்த சாசேஜை மென்றுகொண்டு நின்றதையும், அவரைத் தானே முன்னால் அனுப்பிவைத்ததையும் அவள் நினைத்துப் பார்த்தாள். மேசையை மடித்து வண்டியில் ஏற்றியதும் அவள் கண் முன்னால்தான். வேறு யாருமில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகும் கடைசி இருக்கைவரை நடந்து போய், தூங்கிப்போன பிள்ளை எதுவும் உண்டா என்று குனிந்து பார்க்காமல் கதவைப் பூட்டியதில்லை. இதில் அவள் தவறுகிறவள் அல்ல.

பெடலை மிதித்தாள். டிக் டிக் டிக்.

ஹேண்டில்பாரில் கம்பியால் கட்டிய தகர எண் தகடு மேடு பள்ளங்களில் அதிர்ந்தது. அதற்காகக் காலையில் ஊர் மன்றத்தில் ஒரு சண்டையே போட்டிருந்தாள்.

"எனக்கும் ஒரு நம்பர் வேணும்" என்றாள் ரெஜிஸிடம். கிளப்பின் தலைவர் அவர்.

"துடைப்பத்துக்கு எதுக்கு நம்பர்? துடைப்பத்தை யாராவது எண்ணுவாங்களா?" என்று சிரித்த ரெஜிஸ், பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

சூப்புக்கு லீக் தண்டு நறுக்கிக்கொண்டிருந்த ஜோசியான்தான் தலையை நிமிர்த்தினாள். "குடுத்துத் தொலையேன் ரெஜிஸ். தகரத் துண்டுதானே கேக்கறா? உன் வீட்டு வெள்ளிக் கரண்டியையா கேட்டா?"

"ஆணி இல்லையே, ஜோசியான். பலகையில இருக்கற ஆணிக்கெல்லாம் ஆள் இருக்கு."

"அப்போ ஒரு ஆணி அடி" என்றாள் ஆர்மெல். "சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள."

மன்றத்துச் சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். சவாரி முடித்து வருகிறவர்கள் தங்கள் எண் தகட்டைக் கழற்றி அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுச் சூப் குடிக்கப் போவார்கள். பலகை நிரம்பிவிட்டால் எல்லோரும் வந்தாயிற்று, பூட்டிக்கொண்டு போகலாம். துடைப்பத்துக்கு மட்டும் தகடு கிடையாது. எல்லோரையும் சரிபார்த்து அனுப்புகிறவரை யார் சரிபார்ப்பது என்று கிளப் தொடங்கிய நாளிலிருந்து ஒருவருக்கும் தோன்றியதில்லை.

போன வருடத் துடைப்பம் மார்சியல். பலகை நிரம்பியது. சூப் தீர்ந்தது. விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். மார்சியல் தனியாக வாழ்ந்தவர். வீட்டிலும் தேட ஆளில்லை. கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போன ரொட்டி மறுநாளும் அப்படியே தொங்குவதைப் பார்த்து ரொட்டி வண்டிக்காரிதான் கூச்சல் போட்டாள். பள்ளத்தில் இடுப்பு உடைந்து கிடந்தார். விழுந்ததில் உயிர் போகவில்லை, குளிரில்தான் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, அது மெதுவாகத்தான் போயிருக்கும் என்பதைத் தனியாக யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த வருடம் புதிதாக வாங்கிய ஆரஞ்சுச் சட்டையைத் தொட ஆளில்லை. ஆர்மெல் எடுத்து மாட்டிக்கொண்டாள். அவளும் தனியாக இருக்கிறவள்தான். மகள் லியோனிலிருந்து எப்போதாவது கூப்பிடுவாள். தன் கதவில் ரொட்டி எத்தனை நாள் தொங்கும் என்ற கணக்கை அவள் இந்த ஒரு வருடத்தில் பல முறை போட்டுப் பார்த்திருந்தாள். அதனால்தான் மாட்டிக்கொண்டாள். பயத்தோடு படுத்துக் கிடப்பதைவிட அந்தப் பயத்தின் மேலேயே சைக்கிள் ஓட்டிப்போவது நல்லது என்று பட்டது.

மார்சியல் விழுந்த பள்ளம் வந்தது. பாசி படிந்த பாறையைச் சுற்றிப் பாதை குறுகி வளையும் இடம். அங்கே நின்று ரிப்பனை அவிழ்க்கக் கை நீட்டியவள், அதே கிளையில் இன்னொன்றையும் பார்த்தாள். வெளுத்து, நைந்து, மஞ்சள் என்று சொல்ல முடியாத நிறத்தில். அடுத்த மரத்திலும் அப்படி ஒன்று. அதற்கடுத்ததிலும்.

போன வருடத்து ரிப்பன்கள். இதுவரை வந்த வழியில் ஒன்றுகூட இல்லை, அவர் அவிழ்த்திருந்தார். இங்கிருந்து ஊர்வரைக்கும் உள்ளவை மட்டும் அவிழ்க்கப்படாமல், ஒரு வருட மழையைக் குடித்துக்கொண்டு, அவருக்காகக் காத்திருந்தன.

டிக். டிக். டிக்.

மிக அருகில்.

"மன்னிக்கணும்" என்றது குரல். "இடப்பக்கம் வர்றேன்."

முந்திச் செல்கிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். கேட்டதும் கை தானாக ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்பும். அத்தனை வருடப் பழக்கம். திருப்பியும்விட்டது. முன் சக்கரம் பாதையின் ஓரத்தைத் தொட்டது. அப்போதுதான் அந்தக் குரலை அவள் அடையாளம் கண்டாள். கிளப்பிலேயே மிக மரியாதையான மனிதர். மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கடைசியாக ஏறிய எத்தனையோ மேடுகளில், பின்னாலிருந்து மெல்லச் சீட்டியடித்துக்கொண்டே வந்தவர். அவசரமில்லை, நான் இருக்கிறேன் என்பதற்கான சீட்டி. ஒருநாளும் அவளை அவர் முந்தியதில்லை.

சக்கரத்தைப் பாதையின் நடுவுக்குத் திருப்பினாள்.

"ஆர்மெல்" என்றது குரல், வருத்தத்தோடு. "கொஞ்சம் ஒதுங்கும்மா. நான் முன்னாடி போயிடறேன்."

அவர் முன்னால் போனால் பின்னால் மிஞ்சுவது நான். அவள் நெஞ்சு இதைச் சொற்களாக இல்லாமல், குளிராகவே புரிந்துகொண்டது. திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்புக்குக் கீழே அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க அவளுக்குத் துணிவில்லை. ஈரக் கம்பளி வாசனை வந்தது. அதற்குள் மண்ணின் வாசனை.

"போன வருஷம் நான் பின்னாடி வந்தேனே. இந்த வருஷம் நீ வா. நியாயம்தானே?"

நியாயம்தான். அதுதான் கொடுமை. வழி விட்டே பழகிய உடம்பு அவளுடையது. கணவன் போகிறேன் என்றபோது பெட்டியை வாசல்வரை தூக்கிக்கொடுத்த உடம்பு. இந்த மனிதருக்கு வழி விட யாரைவிடவும் அவள் கடமைப்பட்டவள். அழுதாள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஒதுங்கவில்லை.

"இல்ல, மார்சியல்" என்றாள். "என் இடத்தை மட்டும் தர மாட்டேன். வேற எது வேணும்னாலும் கேளுங்க."

மிதித்தாள்.

பள்ளத்துக்கு அப்பால் மேடு. இருட்டிக்கொண்டு வந்தது. புதிய ரிப்பன்களையும் அவிழ்க்கவில்லை, தொங்கட்டும். இடப்பக்கம் சத்தம் வந்தால் இடப்பக்கம் சாய்ந்தாள். வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம். முழங்கையில் ஏதோ உரசியது. கல்போலக் குளிர்ந்திருந்தது. மிதி. தொடை எரிந்தது. மிதி. கல் சிலுவையைத் தாண்டினாள். வேலிக்கு அப்பால் வெள்ளைப் பசுக்கள் எல்லாம் தலை நிமிர்ந்து நின்றன. அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தன.

"ஆர்மெல்."

மிதி.

"குளிருது, ஆர்மெல்."

தார்ச்சாலை. துணி துவைக்கும் தொட்டி. தேவாலயம். மன்றம்.

மன்றத்தில் வெளிச்சம் இல்லை.

வாசலில் ரெஜிஸ் நின்றுகொண்டிருந்தார். கையில் சாவி. கதவைப் பாதி சாத்தியிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் தளர்ந்து தொங்கியது.

"ஐயோ ஆர்மெல்... பலகை நிரம்பிடுச்சு. அதான், பழக்கத்துல..."

"ஆணி அடிக்கல" என்றாள் அவள்.

"அடிக்கணும்னுதான் இருந்தேன். சுத்தியலைக்கூட எடுத்து வெச்சேன்."

கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். மஞ்சள் வெளிச்சம், ஆறிப்போன சூப்பின் வாசனை, கவிழ்த்து வைத்த நாற்காலிகள், எல்லா ஆணியிலும் தகடு தொங்கும் பலகை. அவள் கம்பியை அவிழ்க்கப் பார்த்தாள். விரல்கள் மரத்திருந்தன. தகடு கழன்று வரவில்லை.

ரெஜிஸ் அவள் தோளுக்கு மேல் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"அட, இன்னொருத்தர் இருக்காரா! நல்லவேளை, பூட்டிட்டுப் போயிருப்பேன். யாரு, நம்ம ஆரஞ்சுச் சட்டை போட்டிருக்காரு? ஆர்மெல், கொஞ்சம் ஒதுங்கேன். அவரை முதல்ல உள்ள விடு. பாவம், எப்படி நடுங்கறாரு பாரு."

டிக்.

ஆர்மெல் சைக்கிளை வாசலுக்குக் குறுக்கே திருப்பினாள். ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மறு கை தகட்டின் மேல். அவள் காதுக்குப் பக்கத்தில், மூச்சே இல்லாமல், யாரோ மெல்லச் சீட்டியடித்தார்கள்.

"ஆர்மெல்? வழிய விடு. உனக்கென்ன ஆச்சு?"

"முதல்ல எனக்கு ஒரு ஆணி அடி, ரெஜிஸ்" என்றாள் தாழ்ந்த குரலில். நகரவில்லை.

அவள் தோள் வழியாக ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு கை வந்தது. நகங்களில் ஒரு வருடத்துப் பாசி. அது தகட்டின் மறு ஓரத்தை, மிகவும் மரியாதையாக, பிடித்துக்கொண்டது.